ஆள் வருகிற இடம்

டிசம்பர் 5, வியாழன்

விழா தொடக்க நாளிலேயே சபா வாசலில் ஒரு போர்டு முளைத்திருக்கிறது. "கைக்குட்டை, குடை, பை முதலியவற்றை வைத்து இருக்கை பிடிக்கக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்."

செயலாளருக்கு நாற்பது வயது இருக்குமா? நான் இந்த சங்கீத விநோத சபாவில் ஆயுள் உறுப்பினர் ஆனபோது அவர் அரைக்கால் சட்டை போட்டிருப்பார். நூறு வருஷத்துக்கு மேல் பழைய மண்டபம். மர மாடி, நீளத் தண்டில் தொங்கும் மின்விசிறி, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் தம்புரா காதில் விழும். உறுப்பினர் வரிசைக்கு இங்கே நம்பர் கிடையாது. முதலில் வந்தவர் கைக்குட்டையைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவார். திரும்பி வரும்வரை அந்த நாற்காலியை ஒருவரும் தொட மாட்டார்கள். இந்த ஊரில் பூட்டு சாவி இல்லாமல் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காரியம் இது ஒன்றுதான். இதையும் ஒழித்துவிட்டால் அவருக்கு நிம்மதி.

போர்டைப் படித்துவிட்டு நேரே உள்ளே போய் மூன்றாவது வரிசையில் இரண்டு கைக்குட்டை போட்டேன். காற்றில் பறக்காமல் முக்கோணமாக மடித்து, ஒரு முனையை நாற்காலி இடுக்கில் செருகிவிட வேண்டும். அதுதான் முறை. ஒன்று எனக்கு, மற்றது தாரிணிக்கு. என் மகள். ஆறு வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள், இரண்டு வருஷமாக வருவதில்லை. வழக்கத்தை விடக் கூடாது என்பதற்காகப் போடுகிறேன், வேறொன்றும் இல்லை.

அவளுக்கென்று நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று இருந்தது. அதை இஸ்திரிக்காரர் மாசிலாமணி தொலைத்துவிட்டார். கேட்டால், "நான் கண்ணால பாக்கல சார்" என்று இரண்டு வருஷமாகச் சாதிக்கிறார். இப்போது வெள்ளையைத்தான் போட வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 6, வெள்ளி

பேப்பரோடு வந்த இணைப்பில் அரைப் பக்கக் கட்டுரை. டிசம்பர் மாலையை எப்படி இனிமையாகக் கழிப்பது என்று ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார். ஆறு மணிக்கு எங்கள் மண்டபத்தில் "பாரம்பரியச் சூழலில்" ஒரு கச்சேரி. எட்டு மணிக்கு நுங்கம்பாக்கத்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில், "கவர்னர்ஸ் ரூம்" என்கிற பாரில், பாட்டுக் கேட்டபடி ஒரு கிளாஸ். அங்கே வெள்ளைக்காரன் காலத்தில் பியானோ வாசித்தார்களாம். அதனால் அதுவும் வரலாற்றுச் சிறப்புமிக்க இசைக்கூடமாம். எங்கள் மண்டபமும் சாராயக் கடையும் ஒரே பத்தியில்! தொட்டுக்கொள்ள மிளகு முந்திரி நன்றாக இருக்குமாம்.

படம் வேறு. மைக்கைப் பிடித்துக்கொண்டு தாரிணி. கீழே "பாடகி தாரிணி டி." என்று போட்டிருக்கிறான். திருஞானம் என்று முழுசாகப் போட்டால் பத்திரிகை கவிழ்ந்துவிடும் போலிருக்கிறது. முடியை வெட்டியிருக்கிறாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. பாரில் பாடுகிறவள் எத்தனை மணிக்கு, எங்கே, என்ன சாப்பிடுகிறாள் என்று இந்தக் கட்டுரையாளர் விசாரிக்கவில்லை. முந்திரியைப் பற்றி மட்டும் விசாரித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமைதோறும் பாடுகிறாளாம். இருபத்தேழாம் தேதியோடு சரி. அப்புறம் குழுவோடு துபாய், அங்கே ஒரு ஹோட்டலில் ஒரு வருஷம். மகள் வெளிநாடு போகிறாள் என்பதை அப்பன் காலைக் காபியோடு பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் போன் அடிக்கிறாளே, அதில் சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் எடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கட்டுரையை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆசிரியருக்குக் கடிதம் எழுதத் தேவைப்படும்.

டிசம்பர் 8, ஞாயிறு

காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தாரிணியின் நாற்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். அறுபது வயதிருக்கும். குட்டை முடி, கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் பெரிய கைப்பை. கைக்குட்டையை மடித்து என் நாற்காலியில் வைத்திருந்தார்.

"அம்மா, இது ஆள் வர்ற இடம்."

"எங்க ஆளு?"

"வருவாங்க."

"வியாழக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க. பின்னாடி உக்காந்து பாத்துக்கினுதான் இருந்தேன். மங்களம் பாடி எல்லாரும் எழுந்து போயாச்சு, ஒருத்தரும் வரல. கைக்குட்டைக்கு டிக்கெட் இருக்குதா சார்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் பெயர் ஃபுளோரா தனசேகரன். பெரம்பூர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவராம். "வண்டி கெளம்பி அடுத்த ஸ்டேஷன் தாண்டியும் ஆள் வரலன்னா, பெர்த்தை நின்னுனு வர்றவங்களுக்குக் குடுத்துடுவோம் சார்" என்று எனக்கு விளக்கம் வேறு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வழக்கம்போல மொத்த வரிசையும் எழுந்து கேன்டீனுக்கு ஓடியது. ஒரு மனிதர் வியர்க்க விறுவிறுக்க வாசிக்கிறார், இவர்களுக்குப் போண்டா ஆறிவிடும். அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. தொடையில் தாளம் போட்டபடி கடைசிவரை கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. முழுக்க அடித்து நின்றது.

டிசம்பர் 13, வெள்ளி

கடிதம் எழுதுவதென்றால் நேரில் பார்த்துவிட்டு எழுதுவதுதான் நியாயம். அதனால் அந்த பாருக்குப் போனேன். பேன்ட், முழுக்கைச் சட்டை, ஷூ. மாசிலாமணியிடம் தனியாகச் சொல்லி இஸ்திரி போட்டு வாங்கியது.

வாசலில் கறுப்பு கோட்டு போட்ட ஒரு பையன். குனிந்து வணக்கம் எல்லாம் சொன்னான். பிறகு, "உங்ககூட லேடி யாரும் வரலையா சார்?" என்றான்.

"இல்லை. நான் மட்டும்தான்."

"சாரி சார். ஃப்ரைடே கப்பிள்ஸ் ஒன்லி. ஸ்டாக்ஸ் நாட் அலவுட்."

ஸ்டாக் என்றால் ஜோடி இல்லாமல் வருகிற ஆம்பளையாம். அறுபத்தாறு வயதில், என் மனைவி வேதா போய் நாலு வருஷத்துக்குப் பிறகு, இந்த ஊர் எனக்குக் கொடுத்திருக்கிற பட்டம். தனியாக வருகிற ஆண்கள் குடித்துவிட்டுக் கலாட்டா செய்வார்கள் என்பதற்காக இந்த ஏற்பாடாம். எல்.ஐ.சி.யில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவன் நான். கலாட்டா செய்கிற முகமா இது? இரண்டு கண்ணாடி மாற்றிப் போட்டால்தான் மெனு கார்டையே படிக்க முடியும்.

"உள்ளே பாடுற பெண்ணை எனக்குத் தெரியும்" என்றேன்.

"ஓ, தாரிணி மேடமா? உங்க பேர் சொல்லுங்க சார், உள்ள சொல்லிட்டு வரேன்."

பெயர் சொல்லிக் கெஞ்சி உள்ளே போக வேண்டிய அவசியம் எனக்கில்லை. கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன், ஆட்டோ கிடைக்கவில்லை என்பதால். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து பாட்டு ஒரு வாய் வரும். மூடினால் நின்றுவிடும். யாரோ ஒரு ஜோடி கதவைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். அப்போது முழுசாக ஒரு வரி கேட்டது. மேல் ஸ்தாயியில் நின்றது, அசையவில்லை. கதவு மூடிவிட்டது.

என்ன ஊர் இது!

டிசம்பர் 14, சனி

கடிதம் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் பேனா ஓடவில்லை. மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

டிசம்பர் 17, செவ்வாய்

தனி ஆவர்த்தனத்தில் மறுபடி நாங்கள் இருவர் மட்டும். கச்சேரி முடிந்ததும் கேன்டீனில் எதிரெதிரே உட்காரும்படி ஆகிவிட்டது. ஃபுளோரா அம்மாள் ரவா தோசை. எனக்கு இட்லி. சாம்பார் இந்த வருஷம் வெறும் தண்ணீர். கான்ட்ராக்டரை மாற்றியதும் அதே செயலாளர்தான்.

பொதுவான அநியாயம் ஒன்று என்கிற முறையில் அந்த பார் விஷயத்தைச் சொன்னேன். பாட்டுக் கேட்கக் கூட ஜோடி வேண்டும் என்பது எந்த ஊர்ச் சட்டம்?

அவர் தோசையைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அங்க யாரு சார் பாடுறாங்க?"

சொன்னேன். அந்தக் கதையையும் சொல்லும்படி ஆகிவிட்டது. தாரிணிக்கு இதே மண்டபத்தில் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி வாங்கித் தருவதற்காக எத்தனை படி ஏறி இறங்கினேன். வாங்கியும் கொடுத்தேன். அவள் நேரே செயலாளரிடம் போய், "எனக்கு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, கிடார் வாசிக்கிற கும்பலோடு சேர்ந்துவிட்டாள். இனிமேல் நீ எங்கே பாடினாலும் நான் வந்து உட்கார மாட்டேன் என்று சொன்னேன். அவ்வளவுதான். அதற்கு வீட்டை விட்டே போவார்களா?

ஃபுளோரா அம்மாள் தோசையை முடித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வெள்ளிக்கெழம நான் வரேன் சார். லேடிதான வேணும்? எங்க ரயில்வே இன்ஸ்டிடியூட்ல கிறிஸ்மஸுக்கு பேண்ட் வெச்சு டான்ஸ் ஆடுவோம், என் வூட்டுக்காரரும் நானும். எனக்கு பாரெல்லாம் ஒண்ணும் புதுசில்ல" என்றார்.

பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். இது கொள்கைப் பிரச்சினை.

டிசம்பர் 20, வெள்ளி

ஃபுளோரா அம்மாள் மெரூன் பட்டுப் புடவையில் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். கோட்டுப் பையன் எங்களைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தான். உள்ளே கால் வைக்கப் போகிற நேரத்தில் ஒரு பெண் என் மணிக்கட்டைப் பிடித்து ரப்பர் முத்திரை குத்த வந்தாள்.

"என்ன இது?"

"என்ட்ரி ஸ்டாம்ப் சார். எல்லாருக்கும் உண்டு."

"நான் என்ன சந்தைக்கு வந்த மாடா? முத்திரை குத்திக்கொண்டுதான் பாட்டுக் கேட்க வேண்டுமா?"

சொன்னேன், இன்னும் நிறையச் சொன்னேன். மேனேஜர் வந்தார். அவரிடமும் சொன்னேன். அதற்குள் உள்ளே அவள் பாட ஆரம்பித்துவிட்டாள். கதவு திறந்தே இருந்தது, இந்தத் தடவை எல்லாம் தெளிவாகக் கேட்டது. கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் அதிகமானது. மாத்திரை போடாமல் வந்தது காரணம். திரும்பி நடந்துவிட்டேன். தன்மானம் என்று ஒன்று இருக்கிறது.

ஃபுளோரா அம்மாள் என்னோடு வரவில்லை. கையை நீட்டி முத்திரை குத்திக்கொண்டு தனியாக உள்ளே போய்விட்டார். தனியாக வருகிற பெண்களை விடுவார்களாம்.

டிசம்பர் 21, சனி

கச்சேரிக்கு முன்னாலேயே ஃபுளோரா அம்மாள் பிடித்துக்கொண்டார்.

"சர்வீஸ்ல எவ்ளோ பேரைப் பாத்திருக்கேன் சார். டிக்கெட் இல்லாம ஏறுறவன் உண்டு. டிக்கெட்டும் வாங்கி, பிளாட்பாரத்துலயும் நின்னு, வண்டியில மட்டும் ஏற மாட்டேன்ற ஆள் நீங்கதான்."

"முத்திரை குத்துவது..."

"முத்திரையாம் முத்திரை! பயம்னு சொல்லுங்க. பொண்ணு அப்டியே உங்க மூக்கு. பாட்டு முடிஞ்சதும் போய்ப் பேசினேன். உங்கப்பா வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போயிட்டாரும்மான்னு சொன்னேன்."

"உங்களை யார் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. 'உள்ள வரலையா?'ன்னு ஒரே ஒரு தபா கேட்டுது. அத்தோட சரி."

அவர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். இன்றைக்கு யார் பாடினார்கள், என்ன ராகம் என்று எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

போன் அடிக்கவில்லை. காலையில் இல்லை, சாயங்காலமும் இல்லை. போன் கம்பெனிக்குப் பேசி லைனில் கோளாறா என்று கேட்டேன். கோளாறு ஒன்றும் இல்லை என்கிறாள் அந்தப் பெண். எப்படிப் பதில் சொல்கிறார்கள் பாருங்கள், பொறுப்பே கிடையாது.

டிசம்பர் 24, செவ்வாய்

போன் அடிக்கவில்லை. இன்று ஞாயிறு இல்லை, அதனால் அடிக்க வேண்டியதும் இல்லை. சபாவுக்குப் போகவில்லை. எனக்காகச் சமைத்த ரசம் எனக்கே பிடிக்கவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

சீக்கிரம் போய் இரண்டு கைக்குட்டை போட்டேன். ஒரு ஆள் வந்து, "காலியா சார்?" என்றார். "ஆள் வருகிற இடம்" என்றேன். போர்டைக் காட்டினார். "போர்டை எழுதியவரைக் கூட்டி வாருங்கள், பேசிக்கொள்கிறேன்" என்றேன். முணுமுணுத்தபடி போனார்.

தம்புரா சுருதி சேர்க்கும்போது ஃபுளோரா அம்மாள் வந்தார். எந்த வரிசைக்குப் போவது என்று பார்த்தார். நான் கைக்குட்டையை எடுத்தேன். வந்து உட்கார்ந்து, பையிலிருந்து பிளம் கேக் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

"முந்தாநாளு எங்க போனீங்க?"

"மழை வரும் போலிருந்தது."

"நாளைக்குக் கடைசி. கையில முத்திர குத்துனா கையை நீட்டணும். சரின்னா வரேன்."

ஒரு கிழவனிடம் நிபந்தனை விதிக்கிற காலம் இது. சரி என்றேன்.

டிசம்பர் 27, வெள்ளி

முத்திரை குத்திக்கொண்டேன். வௌவால் மாதிரி ஏதோ ஒரு படம், ஊதா மையில். எழுதும்போதுகூட மணிக்கட்டில் இருக்கிறது, சோப்புக்குப் போக மாட்டேன் என்கிறது.

கவர்னர் காலத்து உத்தரம், கவர்னர் காலத்துக் கண்ணாடி எல்லாம் இருக்கத்தான் செய்கிறது. நன்றாகப் பராமரிக்கிறார்கள். எங்கள் செயலாளர் ஒருமுறை வந்து பார்க்கலாம். ஆனால் வெளிச்சம்? எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. ஒரு எலுமிச்சை சோடாவின் விலைக்கு ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் வாங்கலாம். ஃபுளோரா அம்மாள் ஏதோ ஒயின் கேட்டு வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்க வூட்ல போடுறது இத விட நல்லாருக்கும்" என்றார்.

எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது வரிசை மேஜை. மேடைக்கு நேர் எதிரே, முதல் மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காரப் போனவரை வெயிட்டர் தடுத்து, "ரிசர்வ்ட் சார்" என்றான். நாற்காலியில் என்னமோ துணி. என் கண்ணுக்கு முதலில் தெரியவில்லை. தூரக் கண்ணாடியை மாட்டினேன்.

முக்கோணமாக மடித்து, ஒரு முனையை இடுக்கில் செருகிய கைக்குட்டை. நீலக் கட்டம்.

வெயிட்டரைக் கூப்பிட்டேன். "அது யாருக்கப்பா?"

"தெரியாது சார். மேடம் பாட வந்த நாள்லேருந்து வாராவாரம் போடுவாங்க. யாரும் வந்ததில்ல. இன்னிக்கு போட வேணாம்னு சொன்னாங்க. அப்புறம் பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவங்களே வந்து போட்டுட்டுப் போனாங்க."

நட்சத்திர ஹோட்டலில், இத்தனை பேர் பார்க்க, நாற்காலிக்குக் கைக்குட்டை! எவ்வளவு பட்டிக்காட்டுத்தனம்! சோடாவைத் தள்ளி வைத்தேன்.

"போய் உக்காருங்க சார்" என்றார் ஃபுளோரா அம்மாள்.

"அது வேறு யாருக்கோ போட்ட இடம்."

"யாருக்கு?"

விளக்கு மாறியது, தாரிணி வந்தாள். முதலில் அந்த நாற்காலியைத்தான் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். என்ன பாட்டோ எனக்குத் தெரியாது. டிரம்ஸ்காரன் எல்லாவற்றையும் அமுக்கப் பார்த்தான். அவள் அதற்கு மேலே போய் நின்றாள். பாதிப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நண்டு வறுவல் வந்துவிட்டதா என்று ஒருவன் கத்தினான். எங்கள் சபாவில் போண்டா, இங்கே நண்டு. பாடுகிறவளைக் கேட்க ஒரு நாதி இல்லை. எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. இடம் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டில் முதல் மேஜைக்காரன் ஒருவன் கையாட்டிப் பேசியதில் பீர் கிளாஸைக் கவிழ்த்துவிட்டான். மேஜையெல்லாம் நுரை. அவன் இங்கும் அங்கும் பார்த்தான். கையை நீட்டினான். அந்தக் கைக்குட்டையை உருவி எடுத்து மேஜையைத் துடைத்தான்.

அப்புறம் என் சத்தத்தை நானே கேட்டேன்.

"ஏய்! எடுக்காதே! வை அதை! அது ஆள் வர்ற இடம்!"

பாட்டு நின்றுவிட்டது. டிரம்ஸ் மட்டும் கொஞ்சம் ஓடி நின்றது. பார் முழுக்க என்னைப் பார்த்தது. கோட்டுப் பையன் வாசலிலிருந்து ஓடி வந்தான். கலாட்டா செய்கிற தனி ஆள் என்று அவர்கள் பயந்தது கடைசியில் சரியாகத்தான் போயிற்று.

அந்த ஆள் ஈரக் கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென விழித்தான். "சாரி அங்கிள். ரொம்ப நேரமா யாரும் வரலையேன்னு... யார் வராங்க?"

"நான்தான். நான்தான் வர்றேன்."

கைக்குட்டையை வாங்கி, பிழிந்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டை நனைந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மைக்கில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம், "முதல்லேருந்து பாடறேன்" என்றாள்.

முதலிலிருந்து பாடினாள். நடுவில் யாரும் பேசவில்லை, நண்டு கேட்டவன்கூட. என் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. டிரம்ஸ்காரன் கவனித்திருக்கிறான். பின்னால் ஒரு முறை என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வாசித்தான். பையன் மோசமில்லை, சத்தத்தைக் குறைத்தால்.

டிசம்பர் 28, சனி

காலையில் போன் அடித்தது. சனிக்கிழமை. முதல் மணியிலேயே எடுத்தேன், பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால்.

"அப்பா, என் கைக்குட்டை உங்ககிட்டயா இருக்கு?"

"பீர் நாற்றம். ஊற வைத்திருக்கிறேன்."

"துபாய்க்கு எடுத்துட்டுப் போகணும். அங்கேயும் போடணும்."

"வந்து வாங்கிக்கொள். சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி வா. எலும்பும் தோலுமாக இருக்கிறாய். அதென்ன தாரிணி டி? டி என்றால் என்ன, எந்த ஊர்ப் பெயர் அது?"

அந்தப் பக்கம் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. அவளுடைய போன் கம்பெனியும் சரியில்லை. ஒரு மணிக்கு வருகிறாள். வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல்.

மாசிலாமணி துணி எடுக்க வந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாகத் திட்டியது என் வெள்ளைச் சட்டையில் காலர் மஞ்சளானதற்கு என்று வைத்துக்கொள்ளலாம். டீக்குக் காசு கொடுத்தேன். சந்தேகமாகப் பார்த்தார்.

பீர் கறை போக என்ன போடுவது என்று ஃபுளோரா அம்மாளிடம் கேட்டேன். வினிகராம். அதோடு, துபாயிலும் தனி ஆண்களை உள்ளே விட மாட்டார்களா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னேன். "டிக்கெட்டைப் போடுங்க சார், மீதிய அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்.

பீரோவில் தேடி பாஸ்போர்ட்டை எடுத்தேன். காலாவதியாகிக் கிடக்கிறது. பத்து வருஷம்தான் செல்லுமாம். மறுபடி போட்டோ எடுத்து, மறுபடி வரிசையில் நின்று, நான்தான் திருஞானம் என்று மறுபடி நிரூபிக்க வேண்டுமாம். ஒரு மனிதன் தன் மகள் பாடுவதைக் கேட்கப் போவதற்கு இந்த நாட்டில் எத்தனை தடை! திங்கட்கிழமை முதல் வேலையாகப் பாஸ்போர்ட் ஆபீசுக்கே போய்க் கேட்கப் போகிறேன்.